டாக்சி ஓட்டத் தகுதியானவர் யார்? பிரிட்டனில் கவுன்சில்கள் முடிவு செய்யும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் டாக்சியோ மினிகேபோ ஓட்ட, சாதாரண டிரைவிங் லைசென்ஸ் மட்டும் போதாது. உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் தனியாக ஓர் உரிமம் தர வேண்டும். ஓட்டுநர்கள் பேச்சில் அது 'பேட்ஜ்'. அதற்கு விண்ணப்பிக்கிறவர்களும், கையில் இருப்பது பறிபோய்விடுமோ என்று தவிக்கிறவர்களும், அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்துக்கு வேறு சட்டம். வடக்கு அயர்லாந்தில் உரிமம் தருவது அரசுத் துறை.

என் ஊரில் உரிமம் தருவது யார்?

உங்கள் மாவட்ட அல்லது நகரக் கவுன்சிலின் உரிமப் பிரிவு. இங்கிலாந்தில் மட்டும் இப்படி 250க்கும் மேற்பட்ட உரிம அமைப்புகள் இருக்கின்றன. லண்டன் விதிவிலக்கு. அங்கே ஈஸ்ட் ஹாமில் இருந்தாலும் ஹாரோவில் இருந்தாலும், உள்ளூர் கவுன்சிலுக்கு இதில் வேலை இல்லை. லண்டன் போக்குவரத்து அமைப்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. பழைய அலுவலகத்தின் பெயரை வைத்து லண்டன் ஓட்டுநர்கள் இன்னும் 'பிசிஓ' என்றே சொல்வார்கள்.

டாக்சிக்கும் மினிகேபுக்கும் தகுதி விதி வேறு வேறா?

தொழிலில் வேறுபாடு உண்டு. டாக்சியைத் தெருவில் கைகாட்டி நிறுத்தலாம், ஸ்டாண்டில் ஏறலாம். மினிகேபை முன்பதிவு செய்துதான் எடுக்க வேண்டும். 'பிளாக் கேப்' எனப்படும் லண்டன் டாக்சியின் ஓட்டுநர்கள் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றுவட்டாரத்தில் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள். குணநலன் குறித்த கேள்வி மட்டும் இருவருக்கும் ஒன்றே. தெருக்களை அறிந்திருப்பது வேறு, நம்பத்தகுந்தவராக இருப்பது வேறு. 2009இல் பன்னிரண்டு பெண்களுக்கு எதிரான குற்றங்களில் தண்டிக்கப்பட்ட ஜான் வார்பாய்ஸ், உரிமம் பெற்ற பிளாக் கேப் ஓட்டுநர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

லண்டனுக்கு வெளியே அடிப்படை 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். விண்ணப்பிப்பவர் தகுதியும் ஒழுக்கமும் உள்ளவர் என்று கவுன்சிலுக்குத் திருப்தி ஏற்பட்டாலன்றி உரிமம் தரக் கூடாது என்கிறது அது. அந்த வாசகத்தின் அமைப்பைக் கவனியுங்கள். உங்களைக் கெட்டவர் என்று நிரூபிக்கும் பொறுப்பு கவுன்சிலுக்கு இல்லை. நம்பத்தகுந்தவர் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் வரும் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

தகுதி, ஒழுக்கம் என்றால் என்ன என்று சட்டம் விளக்கவில்லை. 1998இல் ரஷ்கிளிஃப் கவுன்சில் வழக்கில் தலைமை நீதிபதி பிங்காம் பிரபு அதற்கு ஓர் உருவம் கொடுத்தார்: நல்ல ஓட்டுநர் பதிவும் போதிய அனுபவமும் உள்ளவர், குடிபோதையில் ஓட்டாதவர், மனமும் உடலும் நலமாக உள்ளவர், நேர்மையானவர், தொழிலைப் பயன்படுத்திப் பயணிகளைத் துன்புறுத்தாதவர்.

அப்படியானால் எதை வைத்து அளக்கிறார்கள்?

2020 ஜூலையில் பிரிட்டிஷ் போக்குவரத்து அமைச்சகம் கவுன்சில்களுக்கான தர விதிகளை வெளியிட்டது. அதிலே ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. முடிவெடுப்பவர் அதைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் சாரம் இது: எந்தச் சார்பும் இல்லாமல், உங்கள் முன் இருக்கும் தகவலை மட்டும் பாருங்கள். உங்கள் அக்கறைக்குரிய ஒருவர், எந்த நிலையில் இருந்தாலும், பகலோ இரவோ, இவர் ஓட்டும் வண்டியில் தனியாகப் போக நீங்கள் சம்மதிப்பீர்களா?

இதற்குத் தெளிவாக 'ஆம்' என்று வராவிட்டால் உரிமம் கிடையாது. எது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதே அளவுகோல். குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே அது ஓட்டுநருக்குக் கிடைக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன.

எனக்கு இந்தக் கேள்வி நியாயமானதாகவே படுகிறது. 'எந்த நிலையில் இருந்தாலும்' என்ற சொற்களில்தான் அதன் உயிர் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குக் குடித்துத் தள்ளாடும் பெண்ணும், மறதி நோயுள்ள முதியவரும், பள்ளி ஒப்பந்தத்தில் தினமும் ஏற்றிச் செல்லப்படும் பேசத் தெரியாத குழந்தையும் வண்டியில் ஏறுகிறார்கள். கதவு மூடிவிட்டால் ஓட்டுநரைத் தவிர அங்கே யாரும் இல்லை. நடந்ததை அவர்களால் வெளியே சொல்லக்கூட முடியாமல் போகலாம்.

இவ்வளவு கெடுபிடி எப்போதிலிருந்து?

வட இங்கிலாந்தில் உள்ள ராதரம் என்ற ஊரின் பெயரைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1997க்கும் 2013க்கும் இடையில் அந்த ஊரில் சுமார் 1,400 குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகியிருப்பார்கள் என்று பேராசிரியர் அலெக்சிஸ் ஜே 2014 ஆகஸ்டில் அறிக்கை தந்தார். அது குறைத்துப் போட்ட கணக்கு என்றும் அவர் சொன்னார். குழந்தைகளைப் பள்ளி வாசலிலும் காப்பகங்களிலும் ஏற்றி இறக்கியதில் டாக்சி ஓட்டுநர்கள் சிலரின் பங்கு அந்த அறிக்கையில் வெளிப்படையாகப் பதிவாகியிருக்கிறது. அரசு நியமித்த லூயிஸ் கேசி கவுன்சிலையே ஆய்வு செய்து, அடுத்த பிப்ரவரியில் அறிக்கை தந்தார். உரிமப் பிரிவும் தன் கடமையில் தவறியது தெரியவந்தது. மத்திய அரசு ஆணையர்களை அனுப்பி நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. பின்னர் ராதரம் தன் வண்டிகளில் கேமராவைக் கட்டாயமாக்கியது.

நேர்மையாக ஓட்டிப் பிழைக்கும் பெரும்பான்மையினருக்கு, யாரோ செய்த குற்றத்தின் நிழல் தங்கள் மேல் விழுகிறதே என்ற வருத்தம் உண்டு. அந்த வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தக் குழந்தைகள் அன்றே புகார் சொன்னார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. இன்றைய விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் அது இருக்கிறது.

என்னென்ன சோதனைகள் உண்டு?

ஓராண்டாவது டிரைவிங் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். வேலை செய்யும் உரிமை இருக்க வேண்டும். குழந்தைகளோடும் நலிந்தோரோடும் பணிபுரியத் தடை செய்யப்பட்டோர் பட்டியல்களையும் சேர்த்துப் பார்க்கும் உயர்நிலை டிபிஎஸ் சான்றிதழ் (குற்றப் பதிவுச் சோதனை) வேண்டும். உரிமம் கிடைத்த பின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன 2020 விதிகள். ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் தெரிகிறதா என்ற தேர்வு உண்டு. பல கவுன்சில்கள் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் ஊர் வழித் தேர்வும் வைக்கின்றன. 2022 ஏப்ரலிலிருந்து, உரிமத்தைப் புதுப்பிக்கும்போது வருமான வரித் துறையின் சரிபார்ப்புக் குறியீடும் தர வேண்டும்.

மருத்துவச் சோதனை பெரும்பாலும் லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கான தரத்தில் நடக்கும். நம்மவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம் என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். இன்சுலின் போடுகிறவர் என்பதற்காகவே கதவு அடைபடுவதில்லை. ஆனால் நிபந்தனைகள் கடுமையானவை: சர்க்கரை அளவை ஒழுங்காகச் சோதித்து, பல வாரப் பதிவுகளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோயை மறைத்து ஓட்டுவதுதான் பேட்ஜை இழக்கச் செய்யும்.

இலங்கையிலோ இந்தியாவிலோ வாழ்ந்திருந்தால் அங்கிருந்தும் சான்றிதழ் வேண்டுமா?

தொடர்ந்து மூன்று மாதமோ அதற்கு மேலோ பிரிட்டனுக்கு வெளியே இருந்திருந்தால், அந்த நாட்டிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். பிரிட்டிஷ் டிபிஎஸ் சோதனையில் வெளிநாட்டுப் பதிவுகள் பொதுவாக வராது என்பதே காரணம். தூதரகம் வழியாக வாங்க நாளாகும். மற்ற வேலைகளுக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

அகதியாக வந்தவர்களின் நிலை வேறு. எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அதே அரசின் போலீஸிடம் போய்ச் சான்றிதழ் கேட்கச் சொல்வது முறையல்ல. அகதித் தகுதி தந்த கடிதத்தின் நகலை இணைத்து, விண்ணப்பிக்கும் முன்பே, மாற்று வழி என்ன என்று கவுன்சிலுக்கு எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிவிட்டு நடுவழியில் சிக்குவதைவிட இது மேல்.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வழக்கையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். மற்ற வேலைகளில், குறிப்பிட்ட காலம் கழிந்த பழைய தண்டனைகளைச் சொல்லாமல் விட 1974ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. டாக்சி ஓட்டுநர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மிகச் சிறிய, மிகப் பழைய சில பதிவுகள் மட்டும் வடிகட்டப்பட்டு டிபிஎஸ்ஸில் வராமல் போகும். எது வரும், எது வராது என்று ஊகித்து எழுதாதீர்கள்.

படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களிடம் நான் மன்றாடிச் சொல்வது இதைத்தான். பத்தொன்பது வயதில் நடந்த கைகலப்பு, கடையில் திருடியதற்குப் போலீஸ் கொடுத்த எச்சரிக்கை ஆகியவற்றைப் பல கவுன்சில்கள் காலம் கடந்தது என்று ஏற்றுக்கொள்ளக்கூடும். அதே விஷயத்துக்கு 'இல்லை' என்று குறியிட்டு, பிறகு டிபிஎஸ்ஸில் வெளிவந்தால், பொய் சொன்னது நேற்றைய குற்றமாகிவிடுகிறது. தெரிந்தே பொய்த் தகவல் தருவது 1976 சட்டப்படி தனிக் குற்றமும்கூட.

எந்தக் குற்றத்துக்கு எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்?

2020 விதிகளின் பின்னிணைப்பில் உள்ளபடி: உயிரிழப்பை ஏற்படுத்திய குற்றம், பிறரைச் சுரண்டிய குற்றம், பாலியல் குற்றம் ஆகியவற்றுக்கு உரிமமே இல்லை. வன்முறைக்கும் போதைப்பொருள் விற்றதற்கும் 10 ஆண்டுகள். ஆயுதம் வைத்திருந்தது, நேர்மையற்ற செயல், பாகுபாடு சார்ந்த குற்றம், குடித்துவிட்டு ஓட்டியது ஆகியவற்றுக்கு 7. போதைப்பொருள் வைத்திருந்ததற்கு 5. இந்த ஆண்டுகள் தண்டனை முடிந்த நாளிலிருந்து எண்ணப்படும்.

பலரை அதிரவைப்பது இன்னொன்று: ஓட்டும்போது கையில் மொபைல் பிடித்திருந்ததற்குத் தண்டனை பெற்றிருந்தால் 5 ஆண்டுகள். ஆப்பில் அடுத்த சவாரி வந்துவிட்டதா என்று ஒரு நொடி எடுத்துப் பார்ப்பது அத்தனை எளிதான பழக்கமாகிவிட்டது. விலை அவ்வளவு பெரியது.

இவை வழிகாட்டும் எண்களே தவிர இயந்திரம் அல்ல. ஒவ்வொருவரின் விவரத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டிய கடமை கவுன்சிலுக்கு உண்டு. தவறுகளுக்கான புள்ளிகள் இத்தனை சேர்ந்தால் உரிமம் தானாகவே ரத்து என்ற வகையிலான அணுகுமுறையை 2012இல் கார்டிஃப் வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. "கொள்கை இப்படி, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால், அது சட்டத்துக்குப் பொருந்தாத பதில்.

வழக்கில் விடுதலையாகிவிட்டேன். பிறகும் உரிமத்தை மறுக்க முடியுமா?

முடியும். மேலே சொன்ன ரஷ்கிளிஃப் வழக்கின் ஓட்டுநரும் குற்றவியல் வழக்கில் விடுதலை பெற்றவரே. நீதிமன்றம் கேட்பது, சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபணமாயிற்றா என்று. கவுன்சில் கேட்பது, பயணிகளை இவரிடம் ஒப்படைக்கலாமா என்று. செவிவழிச் சாட்சியத்தைக்கூட அதன் தன்மைக்கேற்ப எடைபோட்டுக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் வெறும் வதந்தியை வைத்து முடிவெடுக்க முடியாது. எதை நம்பினார்கள், ஏன் நம்பினார்கள் என்று காரணம் எழுத வேண்டும்.

மறுபுறம், தண்டனை விதிக்கப்பட்டிருந்தால் "நான் அதைச் செய்யவே இல்லை" என்று கவுன்சிலர்கள் முன் வாதாடிப் பயனில்லை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னால் போய் மறுவிசாரணை நடத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

குடும்பம் என் சம்பாத்தியத்தை நம்பியிருக்கிறது. அதைப் பார்ப்பார்களா?

பார்க்க மாட்டார்கள். 2002இல் லீட்ஸ் கவுன்சில் வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: ஓட்டுநரின் தனிப்பட்ட சூழ்நிலை, அவர் நடத்தையை விளக்க உதவும் அரிதான சமயங்களைத் தவிர, கணக்கில் வராது. வீட்டு வாடகை, வண்டிக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் உண்மையான சுமைகள். அவற்றைச் சொல்லி முடித்த பிறகும், இவர் வண்டியில் யாரையும் தனியே அனுப்பலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. விசாரணை நேரத்தை இதில் செலவழித்துவிட்டு, கேட்க வேண்டியதற்குப் பதில் சொல்லாமல் வெளியே வருகிறவர்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

கவுன்சிலர்கள் முன் விசாரணை எப்படி நடக்கும்?

சிக்கலில்லாத விண்ணப்பங்களை அதிகாரிகளே முடித்துவிடுவார்கள். தண்டனையோ புகாரோ இருந்தால் உரிமத் துணைக்குழுவுக்குப் போகும். சாதாரணக் கூட்ட அறைதான். மேசையின் ஒரு பக்கம் கவுன்சிலர்கள் சிலர், பக்கத்தில் சட்ட ஆலோசகர். அறிக்கையை வாசிப்பவர் உரிம அதிகாரி. உங்கள் தனிப்பட்ட விவரங்கள் வருவதால் பொதுமக்களை வெளியே அனுப்பிவிடுவது வழக்கம். வழக்கறிஞரையோ சங்கத்துக்காரரையோ நண்பரையோ அழைத்துப் போகலாம். அறிக்கையின் நகல் முன்கூட்டியே உங்களுக்கு வர வேண்டும்.

நான் துணைக்குப் போன ஒரு விசாரணையில், மொபைல் குற்றத்துக்காக ஒருவர் நின்றார். "வண்டியில் பயணி யாரும் இல்லை" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கவுன்சிலர் காகிதங்களை மூடிவைத்துவிட்டு, "இப்போது சவாரி அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். அவர் சற்று யோசித்து, புறப்படும் முன் போனைத் தாங்கியில் மாட்டுவதையும், ஒலியைக் குறைத்துவிடுவதையும், ஓரத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்த பிறகே தொடுவதையும் விவரித்தார். அதுவரை இறுகியிருந்த அறை அதன் பிறகுதான் தளர்ந்தது. நடந்ததற்குச் சாக்கு தேடாமல், இன்று தன் நடத்தை எப்படி மாறியிருக்கிறது என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும். நற்சான்றுக் கடிதம் கொண்டுபோனால், உங்கள் குற்றம் என்னவென்று தெரிந்தே எழுதியவர்களிடம் வாங்குங்கள். ஒன்றும் தெரியாமல் 'நல்ல மனிதர்' என்று எழுதிய கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை.

தண்டனை இல்லை, பயணிகளின் புகார் மட்டும்தான். அதற்கும் நடவடிக்கை உண்டா?

உண்டு. 'வேறு நியாயமான காரணம்' இருந்தாலே உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 1976 சட்டம் இடம் தருகிறது. பெண் பயணியிடம் தேவையற்ற தனிப்பட்ட கேள்விகள், கைபேசி எண் கேட்டல், முரட்டுப் பேச்சு எல்லாம் கோப்பில் சேரும். ஒன்று தனியே சிறிதாக இருந்தாலும் ஒரே மாதிரி மூன்று வந்தால் கதை வேறு.

வழிகாட்டி நாயை ஏற்ற மறுப்பது 2010 சமத்துவச் சட்டப்படி குற்றம். கூடுதல் கட்டணமும் கேட்கக் கூடாது. நாய் என்றாலே பயம், மதக் காரணம், இருக்கை அழுக்காகும் என்பவை ஏற்கப்படுவதில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் கவுன்சிலிடம் முன்கூட்டியே விலக்குச் சான்று வாங்கி வண்டியில் காட்சிக்கு வைக்க வேண்டும். பார்வையற்றவரை மழையில் நிறுத்திவிட்டுப் போனவர் மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை.

ஒரு கவுன்சில் மறுத்தால் இன்னொன்றில் விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம், மறைக்க முடியாது. 2022இல் வந்த சட்டத்தின்படி, பாதுகாப்புக் காரணங்களுக்காக உரிமம் மறுக்கப்பட்டாலோ நிறுத்தப்பட்டாலோ ரத்தானாலோ இங்கிலாந்துக் கவுன்சில்கள் அதைத் தேசியப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதிவு 11 ஆண்டுகள் இருக்கும். புதிய விண்ணப்பம் வந்ததும் அதைத் தேடிப் பார்ப்பது கட்டாயம். வேறு ஊர் உரிமத்தில் ஓட்டுகிறவரிடம் கவலைக்குரிய நடத்தையைக் கண்டால், உரிமம் தந்த கவுன்சிலுக்கு 10 வேலைநாட்களில் தெரிவிக்கவும் வேண்டும்.

இங்கே இன்னும் அடைபடாத ஓட்டை ஒன்று இருக்கிறது. ஓட்டுநர், வண்டி, நிறுவனம் மூன்றின் உரிமமும் ஒரே கவுன்சிலுடையதாக இருந்தால், மினிகேபை நாட்டின் எந்த ஊரிலும் ஓட்டலாம். அதனால் விரைவாக உரிமம் தரும் வுல்வர்ஹாம்ப்டனில் வாங்கி, அந்த ஊர்ப் பக்கமே போகாமல் வேறு நகரங்களில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். சட்டப்படி அவர்கள் மேல் பிழை இல்லை. ஆனால் கேமராவைக் கட்டாயமாக்கிய ஊரின் பயணி, அது கட்டாயமில்லாத ஊரின் வண்டியில் ஏறுகிறார். உள்ளூர் அதிகாரியால் அந்த வண்டிமேல் நடவடிக்கை எடுக்கவும் பெரும்பாலும் இயலாது. 2025 ஜூனில் லூயிஸ் கேசி தன் தேசிய ஆய்வில் இதை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னார். நாடு முழுவதற்கும் ஒரே தரம் வருவதுதான் பயணிக்கும் நல்லது, ஒழுங்காக ஓட்டுகிறவருக்கும் நல்லது.

கைது செய்யப்பட்டால் உடனே சொல்ல வேண்டுமா?

பாலியல், நேர்மையின்மை, வன்முறை, போக்குவரத்துக் குற்றங்களில் கைதாகி விடுவிக்கப்பட்டாலோ, குற்றம் சாட்டப்பட்டாலோ, தண்டனை பெற்றாலோ 48 மணி நேரத்துக்குள் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2020 விதிகள் எதிர்பார்க்கின்றன. போலீஸ் எப்படியும் சொல்லக்கூடும், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடு செய்ய எத்தனை நாள் அவகாசம்?

முடிவு உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேலே கிரவுன் நீதிமன்றம். ரத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்தால், அது முடியும் வரை பொதுவாக ஓட்டலாம். பொதுமக்கள் பாதுகாப்பைக் காட்டி 'உடனடி அமல்' என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் காப்பீடும் செல்லாமல் போகும் அபாயம் உண்டு. தோற்றால் கவுன்சிலின் வழக்குச் செலவு உங்கள் தலையில் விழலாம். வென்றாலும் உங்கள் செலவு திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை: கவுன்சில் நேர்மையாகவும் நியாயமாகவும் நடந்திருந்தால் அதன்மேல் செலவைச் சுமத்த நீதிமன்றங்கள் தயங்கும். இதைக் கணக்குப் பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள்.

மறுத்துவிட்டார்கள். மீண்டும் எப்போது முயலலாம்?

முடிவுக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். பதில் அதிலேயே இருக்கிறது. ஆண்டுகள் போதவில்லை என்றால் அந்த ஆண்டுகள் கழியட்டும். மருத்துவம் என்றால் சிகிச்சைப் பதிவுகளோடு போகலாம். உண்மையை மறைத்தீர்கள் என்று எழுதியிருந்தால் நீண்ட காலம் பிடிக்கும். அடுத்த விண்ணப்பத்தில் 'முன்பு மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதி, பழைய முடிவுக் கடிதத்தின் நகலையும், அதற்குப் பிறகு நீங்கள் செய்தவற்றின் சான்றுகளையும் நீங்களே இணைத்துவிடுங்கள்.